பகுதிநேர விமானிக்கு முழுநேர அடி

 

"அமெரிக்கா ராணுவத் தளத்தை மூடினா நல்லதுதானே, அதுக்கு எதுக்கு ஒப்பாரி?" நம்ம பதிவர் நண்பர்கள் பல பேர்கிட்டேர்ந்து வர்ற கேள்வி இது. இன்னொரு கோஷ்டி இருக்கு. "அரசாங்கம் சிக்கனம் பண்ணுது, அரசியல்வாதிங்க தொகுதிப் பாசத்துல கத்தறாங்க, அவ்ளோதான்" என்பது அவங்க கட்சி. ரெண்டு கோஷ்டியும் ஒரு ஆளை சுத்தமா மறந்துடறாங்க. வாரநாள்ல வேற உத்தியோகம், மாசத்துல சில நாள் போர் விமானம்னு வாழற ரிசர்வ், நேஷனல் கார்டு விமானியைத்தான் சொல்றேன். தளத்தை மூடறதுல முதல் அடி விழறது அவர் முதுகுலதான்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. தளங்களை மூடவும் இடம் மாத்தவும் அமெரிக்காவுல 'பிராக்'னு ஒரு ஏற்பாடு. 1988, 1991, 1993, 1995, 2005னு மொத்தம் 5 சுற்று நடந்தது. பாதுகாப்புத் துறை பட்டியல் போடும், ஒரு தனிக் கமிஷன் அதைத் திருத்தும், ஜனாதிபதியும் காங்கிரஸும் மொத்தமா ஏத்துக்கணும், இல்ல மொத்தமா தள்ளணும். நடுவுல ஒரு வரியைப் பிடுங்க முடியாது. அரசியலை ஒதுக்கி வைக்க நல்ல யோசனைதான், ஒத்துக்கறேன். 2005 மே 13 அன்னிக்கு ரம்ஸ்ஃபெல்ட் பட்டியலை வெளியிட்டார். அந்தோணி பிரின்சிபி தலைமையில 9 பேர் கமிஷன் அதை ஆராய்ஞ்சது. அந்த நவம்பர்ல அது சட்டமாச்சு.

அந்தப் பட்டியல்லதான் ஏர் நேஷனல் கார்டுக்கு சரமாரியா அடி விழுந்தது. முழுநேர விமானப்படையை அளக்கிற அதே முழத்தை வெச்சு கார்டையும் அளந்தாங்க. ஓடுதளம் எவ்வளவு நீளம், விமானம் நிறுத்த இடம் எவ்வளவு, பயிற்சி வான்வெளி எவ்வளவு பக்கம்? ஊர் சிவிலியன் ஏர்போர்ட்டோட ஒரு ஓரத்துல இருக்கிற சின்ன கார்டு தளம் இந்தப் பரீட்சையில எப்படிங்க பாஸ் ஆகும்? முடிவெடுக்கும்போது எங்களைக் கலந்துக்கவே இல்லைன்னு மாநில அட்ஜுடன்ட் ஜெனரல்கள் கமிஷன் முன்னாடி வந்து முறையிட்டாங்க.

இப்ப விமானிக்கு வருவோம். முழுநேர விமானிக்கு இடமாற்றம் வந்தா சாமான் கட்டி ஏத்தற செலவு அரசாங்கத்தோடது. அவர் சில வருஷத்துக்கு ஒருதரம் மாறிப் பழகினவர். மனசு கஷ்டப்பட்டாலும் சம்பளம் தொடரும், பென்ஷன் கணக்கு ஓடும்.

பகுதிநேர விமானி கதையே வேற. மாசத்துல ஒரு வாரக்கடைசி, வருஷத்துல ரெண்டு வாரம்னு விளம்பரத்துல சொல்லுவாங்க. விமானிக்கு அது பத்தவே பத்தாது. தகுதியைக் காப்பாத்திக்க அதுக்கு மேலயும் நாள் ஒதுக்கிப் பறக்கணும். அவருக்கு ஊர்ல வேலை இருக்கு, மனைவிக்கும் வேலை இருக்கு, பசங்க ஸ்கூல், வீட்டுக் கடன் எல்லாம் அங்கதான். விமானத்தை இன்னொரு மாநிலத்துக்குத் தூக்கிட்டுப் போனா அவர் என்ன பண்ணுவார்? 2005 சுற்றப்ப குடும்பத்தைப் பெயர்த்துக்கிட்டுப் போக அரசாங்கம் பொதுவா காசு தரலை. மாசாமாசம் போய்வரலாம்னா டிக்கெட் கைக்காசு. 2008ல ஒரு சட்டம் வந்தது. 'தளம் மூடினதால வேற இடம் போனவங்க' உட்பட சில வகையினர் 150 மைலுக்கு மேல பயணிச்சா, ஒரு டிரில்லுக்கு 300 டாலர் வரைக்கும் தரலாம்னு. பின்னாடி அந்த உச்சவரம்பை ஏத்தினாங்க. கவனிங்க, 'தரணும்' இல்ல, 'தரலாம்'. அதுவும் பட்டியல் சட்டமாகி ரெண்டு வருஷம் கழிச்சு வந்த ஞானோதயம்.

சரி, விட்டுட்டுப் போகலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் கிடுக்கிப்பிடி. ரிசர்வ் ஓய்வூதியத்துக்கு தகுதியான 20 வருஷம் முடிக்கணும். பணம் கையில வர்றது பொதுவா 60 வயசுல. 14 வருஷம் ஓட்டினவர் இன்னிக்கு விலகினா, சாதாரணமா அந்த மாத ஓய்வூதியம் கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. அதே ஊர்ல இருந்துக்கிட்டு வேற விமானத்துக்கு மாறலாம்னா, அதுக்கு மாசக்கணக்குல முழுநேரப் பயிற்சிக்குப் போகணும். திரும்பி வந்தா பழைய வேலையைக் குடுக்கணும்னு 1994லேர்ந்து சட்டம் இருக்கு. ஆனா வருஷா வருஷம் லீவு கேக்கிற ஆளை முதலாளி எந்தக் கண்ணோட பாப்பார்னு நமக்குத் தெரியாதா? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

நிஜத்துல நடந்ததைப் பாருங்க. மில்வாக்கியில இருந்தது ரிசர்வோட 440வது ஏர்லிஃப்ட் விங். சி-130 ஓட்டறவங்க. தளத்தை மூடி, 2007ல வட கரோலினாவுல இருக்கிற போப்புக்கு மாத்தினாங்க. 700 மைலுக்கு மேல! இதை நம்பிப் போனவங்க இருந்தாங்க, போக முடியாம நின்னவங்க இருந்தாங்க. கடைசியில 2016ல அந்த விங்கையே கலைச்சாச்சு. சிக்கனத்துக்காக இடம் மாத்தி, பத்து வருஷத்துக்குள்ள இல்லாமலே பண்ணதுக்குப் பேர் என்ன திட்டம்?

இன்னொண்ணு. 2001 செப்டம்பர் 11 காலையில நியூயார்க்கை நோக்கிக் கிளம்பின ரெண்டு எஃப்-15 விமானமும் மாசசூசெட்ஸ் ஓட்டிஸ் தளத்து கார்டு படையோடது. வாஷிங்டனைக் காக்க லாங்லியிலேர்ந்து எழும்பின எஃப்-16கள் வட டகோட்டா ஃபார்கோ கார்டு படையோடது. நாலு வருஷம் கழிச்சு வந்த பட்டியல்ல இந்த ரெண்டு படையுமே போர் விமானத்தை இழந்தது. ஓட்டிஸ் படை உளவுத் தகவல் பிரிவாச்சு. ஃபார்கோவுக்கு ஆளில்லா பிரிடேட்டர் வந்தது. ஆளில்லா விமானம் மட்டம்னு நான் சொல்லலை. எஃப்-16ல பல வருஷம் பறந்தவரை நாற்காலியில உக்கார வெச்சுட்டு, 'திறமை வீணாகலை'ன்னு சொல்றதுதான் உறுத்துது.

"ஆனா பணம் மிச்சமாச்சே" என்பார் சிக்கன கோஷ்டி. எங்க மிச்சமாச்சு? 2005 சுற்றுக்கு ஆகும்னு சொன்ன செலவு சுமார் 21 பில்லியன் டாலர். ஆனது 35 பில்லியன். 20 வருஷத்துல 35.6 பில்லியன் நிகர லாபம்னு கமிஷன் போட்ட கணக்கு, அமெரிக்க அரசாங்கத் தணிக்கை அமைப்பு 2012ல பாத்தப்ப 9.9 பில்லியனா சுருங்கிடுச்சு. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை. இதைவிட வேடிக்கை, பாதுகாப்புத் துறை காட்டின வருடாந்திர மிச்சத்துல ஏறத்தாழ பாதி ராணுவ ஆட்களோட பதவிகளைக் குறைக்கிறதால வர்ற மிச்சம். ஆனா அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போறதில்லை, வேற வேலைக்கு மாத்தப் போறாங்க! சம்பளம் வேற கணக்குல போயிட்டே இருக்கும். இதைச் சுட்டிக் காட்டினதும் அதே தணிக்கை அமைப்புதான், 2005லயே.

சட்டம் காப்பாத்தலையான்னு கேக்கலாம். ஆளுநர் சம்மதம் இல்லாம கார்டு படையை மாத்தக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. பென்சில்வேனியா ஆளுநர் எட் ரெண்டெல் 111வது ஃபைட்டர் விங்குக்காக கோர்ட்டுக்குப் போனார். அவர் சம்மதம் இல்லாம அந்தப் படையைக் கலைக்க முடியாதுன்னு 2005 ஆகஸ்ட்ல தீர்ப்பும் வந்தது. அப்புறம்? படையைக் கலைக்கலை. அதோட ஏ-10 விமானங்கள் மட்டும் 2010ல போயிடுச்சு. கேஸ்ல ஜெயிச்சாங்க, ஹாங்கர்தான் காலி. காகிதத்துல படை இருந்தா விமானி எதை ஓட்டுவார்?

இப்ப முதல் கோஷ்டிக்கு வர்றேன். தளத்தை மூடினா போர் குறையும்னு நினைக்கிற அன்பர்களே, 2005ங்கிறது இராக் போரோட உச்ச காலம். மூடினது உள்ளூர் தளங்கள்தான், போரை இல்லை. அந்தப் போர்களுக்கு கார்டு விமானிகளையும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டேதான் இருந்தாங்க. பெரும்பாலும் இவங்க சமூகத்துல கலந்து வாழற ஆளுங்க. அண்டை வீட்டுக்காரர் போருக்குப் போனா அந்த ஊர் 'ஏன் இந்தப் போர்?'னு கேக்கும். தூரத்துத் தளத்துக்குள்ள அடைஞ்சிருக்கிற ராணுவத்தைப் பத்தி எவன் கேப்பான்? போரை வெறுக்கிறவங்கதான் முதல்ல இந்த ஆளுக்காகப் பேசணும்.

எல்லாத் தளமும் என்னிக்கும் இருக்கணும்னு நான் சொல்லலை. விமானம் பழசாகும், எண்ணிக்கை குறையும், சிலது மூடித்தான் ஆகணும். என் கட்சி மூணே மூணு வரி. பல வருஷ அனுபவமுள்ள விமானியை இழந்தா புதுசா ஒருத்தரை உருவாக்க ஆகிற செலவையும் தளத்தோட கணக்குல ஏத்துங்க. 20 வருஷத்துக்கு அருகுல இருக்கிறவர் ஓய்வூதியத்தைக் காப்பாத்துங்க. பயணச் செலவை 'தரலாம்'லேர்ந்து 'தரணும்' ஆக்குங்க.

இது பழங்கதைன்னு ஒதுக்காதீங்க. 2012லேர்ந்து பல தடவை பென்டகன் இன்னொரு சுற்று கேட்டு, காங்கிரஸ் மறுத்தது. ஆனா பிராக் இல்லாமலே விமானம் போகும். மேரிலாந்து கார்டோட ஏ-10களை எடுத்துட்டு அதை சைபர் படையாக்கறோம்னு 2024ல விமானப்படை அறிவிச்சது. பறக்கிற ஏர் கார்டு படையே இல்லாத ஒரே மாநிலமா எங்களை ஆக்கறீங்களேன்னு ஆளுநர் வெஸ் மூர் எதிர்த்தார். இவ்வளவுக்கும், ரிசர்வையும் கார்டையும் இன்னும் அதிகமா நம்புங்கன்னு காங்கிரஸ் அமைச்ச விமானப்படைக் கட்டமைப்புக் கமிஷன் 2014லயே சொல்லியாச்சு!

சிக்கனம்னு வந்தா முதல்ல கத்தி விழறது பகுதிநேரக்காரன் கழுத்துல. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இல்லைன்னு சொல்றவங்க பின்னூட்டத்துல வாங்க, கணக்கோட வாங்க.