மேசைமேல் நிற்கும் போர் விமானம்



லண்டனில் மகளின் குடும்பத்துடன் இருக்கும் வாசகி ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய பதினான்கு வயதுப் பேரன் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்துக்குப் போகிறானாம். அங்கே தன்னைவிட மூத்தவர்களுடன் கூடியிருந்து, பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிப் போர் விமான மொடல்கள் செய்து, அவற்றுக்குப் பெயின்ற் பூசுகிறானாம். வீட்டு மேசையில் இப்போது ஏழு விமானங்கள். "பொம்பர் சத்தம் கேட்டால் பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடின எனக்கு, இப்ப அதைத் தள்ளி வைச்சுப்போட்டுத்தான் சாப்பாட்டுக் கோப்பை வைக்கவேண்டிக் கிடக்கு. அடுத்தது கிபிர் செய்யப்போறானாம். வேண்டாமெண்டு சொல்லவோ? சொன்னால் ஏனெண்டு கேப்பான். அதைச் சொல்லவும் எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று எழுதியிருக்கிறார்.

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை அங்கே என்னதான் செய்கிறான் என்பதை அறியாமல் சொல்லும் பதில் அவனுக்கும் உதவாது, அம்மம்மாவுக்கும் உதவாது. ஆகவே முதலில் அந்த மண்டபத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

பிரித்தானியாவில் இந்தப் பொழுதுபோக்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோன கம்பனி எயார்பிக்ஸ். அதைத் தொடங்கியவர் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய யூதர். ஐரோப்பாவில் நாடு நாடாக அலைந்து, கடைசியில் பிரித்தானியா வந்து, 1939இல் தொழில் தொடங்கினார். முதலில் காற்றடைத்த றப்பர் விளையாட்டுப் பொருட்கள், போருக்குப் பின் பிளாஸ்ரிக் சீப்புகள். அந்தச் சீப்பு வார்த்த தொழில்நுட்பம்தான் 1953இல் ஒரு சின்ன ஸ்பிற்பயர் விமானத்தை வார்த்தெடுத்தது. இரண்டு சிலிங்குக்கு வூல்வேர்த் கடைகளில் விற்கப்பட்ட அந்த மொடலில் பிழைகள் ஏராளம். ஆனாலும் பையன்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். போரிலிருந்து தப்பி வந்த ஒருவரின் கம்பனி போர் விமானங்களைப் பிள்ளைகளுக்கு விற்றது என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நினைத்துப் பார்க்கத் தக்கது என்றுதான் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் தொங்கும். கொடியில் பிஞ்சுகள் நிற்பது போல. குறட்டால் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை அரத்தாளால் தேய்க்க வேண்டும். இறக்கையையும் உடலையும் முதலில் ஒட்ட ஆசையாக இருக்கும். ஆனால் விமானி இருக்கும் அறைக்குத்தான் முதலிடம். இருக்கை, பட்டி, மானிகள் எல்லாவற்றுக்கும் நிறம் பூசி முடித்த பிறகே உடலின் இரு பாதிகளையும் மூடலாம். பசையும் சாதாரணப் பசை அல்ல. பிளாஸ்ரிக்கைச் சற்றே உருக்கி, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். கூடப் போட்டால் விரல் அடையாளம் அப்படியே பதிந்துவிடும். பிறகு இடைவெளிகளை அடைத்து, தேய்த்து, கண்ணாடிக் கூரையை மறைத்து ஒட்டி, பெயின்ற் பூசி, காய விடவேண்டும். கடைசியில் வருவது சின்னங்களும் எழுத்துகளும். அவை மெல்லிய ஒட்டுப்படங்கள். தண்ணீரில் ஊறவைத்து, சாவணத்தால் பிடித்து, வழுக்கிக்கொண்டே உரிய இடத்தில் இருத்த வேண்டும். மூச்சை அடக்கிச் செய்யும் வேலை அது. நல்ல மொடல் ஒன்றுக்கு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் செல்லும்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. மிகப் பரவலான அளவு எழுபத்திரண்டில் ஒன்று. ஏன் எழுபத்திரண்டு? ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆறடி மனிதன் இந்த அளவில் ஓர் அங்குலமாகிவிடுகிறான். பதினொரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஸ்பிற்பயரின் இறக்கைகள் பதினைந்தரை சென்ரிமீற்றர் அளவுக்குச் சுருங்கி, உள்ளங்கையில் வந்து நிற்கின்றன.

இப்படிச் செய்பவர்கள் ஊருக்கு ஊர் குழுக்களாகக் கூடுகிறார்கள். 1963இல் பிரித்தானியாவில் தொடங்கிய சர்வதேச பிளாஸ்ரிக் மொடலாளர் சங்கத்துக்கு இப்போது பல நாடுகளில் கிளைகள் உண்டு. ஆண்டுதோறும் ரெல்போர்ட் என்ற ஊரில் பெரிய கண்காட்சியும் போட்டியும் நடக்கும். அங்கே நடக்கும் வாக்குவாதங்களைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். 1940இல் பிரித்தானியச் சண்டை விமானங்களின் முதுகில் கரும்பச்சையும் மண்ணிறமும். 1941இன் பிற்பகுதியில் அந்த மண்ணிறம் போய் ஒருவகைச் சாம்பல் நிறம் வந்தது. இந்த விமானம் எந்த மாதத்தில் எந்தத் தளத்தில் நின்றது என்று தெரியாமல் தூரிகையைத் தொடமாட்டார்கள். அத்தனை கவனம்.

அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் அது எங்கே நின்றுவிடுகிறது என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆணியின் வரிசை சரி, நிறம் சரி, விமானியின் பெயரும் சரி. கீழே இருந்தவர்கள் எங்கே? மொடலுக்கு இறக்கையின் அடிப்பக்கம் உண்டு. அதற்கும் கீழே எதுவும் இல்லை, மேசைதான்.

எயார்பிக்ஸ் பெட்டிகளின் மேல் அந்த நாளில் தீயும் வெடிப்புமாகப் படங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குக் கூடாது என்று பின்னாளில் பல படங்களிலிருந்து வெடிப்பையும் தீயையும் அழித்துவிட்டார்கள். விமானம் மட்டும் அப்படியே பறந்தது. ஜேர்மனியில் சுவஸ்திகாச் சின்னத்தைக் காட்டுவதற்குச் சட்டத் தடை இருக்கிறது. ஆகவே பல கம்பனிகள் வாலில் ஒட்டும் அந்தச் சின்னத்தை விட்டுவிடுகின்றன, அல்லது துண்டுகளாகப் பிரித்து அச்சிடுகின்றன. பிரித்ததைச் சேர்த்து ஒட்டுவதா விடுவதா என்பதை, ஒரு மில்லிமீற்றர் துண்டைச் சாவணத்தில் பிடித்தபடி, செய்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

விமான மொடல் எப்போதும் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. 1942இல் அமெரிக்கக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் மொடல்கள் செய்து தரும்படி கேட்டது. மரத்தில் செதுக்கி, கறுப்பு நிறம் பூசிய மொடல்கள். முப்பத்தைந்து அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், அரை மைல் தூரத்தில் வரும் உண்மையான விமானம் போலத் தெரியும். வருவது எங்களுடையதா எதிரியுடையதா என்று படையினரும் காவல் நிற்போரும் பழகிக்கொள்வதற்கு அது உதவியது.

எங்கள் சனத்துக்கு மொடல் தேவைப்படவில்லை. சத்தமே போதுமாக இருந்தது. வன்னியில் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளையும் கிபிர் வேறு, ஹெலி வேறு என்று காதாலேயே சொல்லிவிடும். அந்த அறிவை யாரும் பாராட்டிச் சான்றிதழ் தரவில்லை.

இரண்டாம் உலகப்போர் விமானங்கள் எங்களுக்குத் தூரத்துக் கதை என்றும் நினைக்க வேண்டாம். மொடலாளர்கள் விரும்பிச் செய்யும் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் 1942இல் இரத்மலானையிலும், கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலும், திருகோணமலை சீனன்குடாவிலும் நின்றன. அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலை மீதும் குண்டு விழுந்து நோயாளர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. இன்றைக்கு ஹரிக்கேனுக்குப் பெட்டி உண்டு, ஜப்பானிய சீரோவுக்கும் பெட்டி உண்டு. அங்கொடைக்குப் பெட்டி கிடையாது.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். கிபிர் இஸ்ரேலில் செய்யப்பட்ட விமானம். 1973இல் முதலில் பறந்தது. பெயருக்கு ஹீப்ரு மொழியில் சிங்கக்குட்டி என்று பொருள். இலங்கை விமானப் படையில் 1996இல் சேர்ந்தது. பேரனிடம் கேட்டால் இவ்வளவும் சொல்வான். இன்னும் கூடவும் சொல்வான். எழுபத்திரண்டில் ஒன்று அளவில் அதன் நீளம் ஏறத்தாழ இருபத்திரண்டு சென்ரிமீற்றர். ஒரு பாடசாலை அடிமட்டத்தைவிடச் சிறியது. அதைப் பார்த்து உங்கள் உடம்பு நடுங்கினால் அது பலவீனம் அல்ல, பைத்தியமும் அல்ல. உடம்பு தன் கணக்கை மறப்பதில்லை.

அம்மா, இரண்டு காரியம் சொல்கிறேன். ஒன்று, நீங்கள் சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் அது இருக்கக்கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இதைப் பாத்தால் எனக்கு நெஞ்சு படபடக்குது ராசா, உன்ர அறையில வை" என்றால் போதும். முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்லாமல் விட்டால், அம்மம்மாவுக்குத் தன் வேலை பிடிக்கவில்லை என்றுதான் பிள்ளை எண்ணிக்கொள்வான். மற்றது, அவனைத் தடுக்க வேண்டாம். அவன் சேர்ந்திருக்கும் கூட்டம் எதையும் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பும் கூட்டம். எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்த நிறம் என்று தேடுகிற பிள்ளை, எந்த ஊருக்கு மேலே என்றும் ஒருநாள் கேட்பான். அப்போது புத்தகத்தில் இல்லாத பதில் அவன் வீட்டிலேயே இருக்கும். அதைச் சொல்வதா, எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதெல்லாம் உங்கள் கையில். சொல்லத் தொடங்கி நித்திரை கெட்டால் மகளிடம் சொல்லுங்கள். அங்கே தமிழ் தெரிந்த உளவளத்துணையாளரைத் தேடிப் பிடிக்கலாம்.

அந்த மண்டபத்தைப் பற்றி இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் போரில் காயப்பட்ட, மனம் பாதிக்கப்பட்ட முன்னாள் படையினருக்கு மொடல் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்து, கூட்டாக இருந்து செய்ய வைக்கும் தொண்டு அமைப்பு ஒன்று இயங்குகிறது. அமெரிக்காவிலும் 1970களிலிருந்து இப்படிக் கைவேலைப் பெட்டிகளைக் கொடுத்து வருகிறார்கள். கண்ணும் கையும் ஒரு சின்னத் துண்டில் நிற்கும்போது, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே பேச முடிகிறது. இது எங்களுக்குத் தெரியாததா? பனையோலை பின்னும் இடத்திலும், தையல் வகுப்பிலும், வடகம் பிழியும் முற்றத்திலும் எத்தனை கதைகள் வெளியில் வந்திருக்கின்றன! "சொல்லுங்கள்" என்று எதிரே கொப்பியுடன் இருந்து கேட்டபோது வாய் திறக்காத பெண்கள், ஊசியில் நூல் கோத்தபடி சொல்லியிருக்கிறார்கள். படையினருக்கு அந்த மேசையைப் போட்டுக் கொடுத்தது நல்ல காரியம்தான். குண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அப்படி ஒரு மேசை வேண்டும் என்ற எண்ணம் வர ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. பேரனுக்கு ஒரு தங்கச்சி. அவளுக்கும் செய்ய ஆசையாம்; "அது பெடியன்களின்ர வேலை" என்று தமையன் கிட்ட விடுவதில்லையாம். இதை விடக்கூடாது. அவன் மேசையில் நிற்கும் ஸ்பிற்பயரின் பழைய எஞ்சின், மூக்கைக் குத்திக் கீழே பாயும்போது எரிபொருள் ஒழுங்காகக் கிடைக்காமல் இடையில் நின்றுபோகும். துவாரமுள்ள ஒரு சின்னப் பித்தளைத் துண்டைப் பொருத்தி 1941இல் அதற்கு வழி கண்டவர் பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு விமானங்களை ஓட்டிச் சென்ற துணைப் படையில் 1940 ஜனவரியில் எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். போர் முடிவதற்குள் 168 பெண்கள் அதில் பறந்துவிட்டார்கள். ஆயுதமும் இல்லை, வானொலித் தொடர்பும் இல்லை. 1943இல் ஆண்களுக்குச் சமமான சம்பளமும் பெற்றார்கள். சோவியத் நாட்டில் மரத்தாலும் துணியாலும் ஆன போ-2 விமானங்களில் இரவில் பறந்து குண்டு போட்ட பெண்கள் படையணியும் இருந்தது. அவர்களின் குண்டுகளுக்குக் கீழேயும் மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம்.

தொடங்குகிறவர்களுக்கென்று பசை, பெயின்ற், தூரிகை எல்லாம் சேர்த்தே வரும் சிறிய பெட்டிகள் கடைகளில் உண்டு. எழுபத்திரண்டில் ஒன்று அளவே அவளுக்குப் போதும். பசையின் ஆவி தலையிடி தரும். யன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வெட்டும் கத்தியை மட்டும் கொஞ்சக் காலத்துக்குத் தமையனே பிடிக்கட்டும்.