பிள்ளையை அறிந்த பள்ளி

ஆசிரியர் ஒரு பிள்ளையின் தேவையைக் கவனித்து அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். அந்த அக்கறை தன்மேல் காட்டப்படுகிறது என்பதைப் பிள்ளையும் உணர வேண்டும். இரண்டும் சேரும்போதுதான் பள்ளியில் உறவு உண்டாகிறது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் நெல் நாடிங்ஸ், அக்கறையைப் பற்றி 1984-இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டாம் பாதியை அழுத்திச் சொன்னார். ஆசிரியர் எவ்வளவு பாடுபட்டாலும் அது பிள்ளைக்கு எட்டாதவரை உறவு நிறைவடையாது என்பது அவர் கருத்து. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லாத ஆசிரியர் இல்லை. அதை அப்படியே உணர்கிற பிள்ளைகள் அத்தனை பேர் இல்லை. இந்த இடைவெளியைக் குறைப்பது தனியொருவரின் நல்ல குணத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. பள்ளி முழுவதும் நாள்தோறும் செய்து பழக வேண்டிய வேலை அது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் போன்ற ஊர்களில் இந்த வேலையின் கனம் அதிகம். கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டம், மழையையும் கண்மாயையும் நம்பிய வறட்சிப் பகுதி. விவசாயம் கைகொடுக்காத காலத்தில் கல்குவாரி, கட்டட வேலை, நூறு நாள் வேலை என்று குடும்பங்கள் பிழைக்கின்றன. அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளரும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப்போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்புவது முதல், அடுத்து என்ன படிக்கலாம் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ள அருகில் இருக்கும் படித்த மனிதர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

உறவின் முதல் படி பிள்ளையை அறிவது. பெயரும் வரிசை எண்ணும் மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடந்து வருகிறது, எந்தப் பேருந்தை விட்டால் முதல் பாடவேளை போய்விடும், மதிப்பெண் அட்டையில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மூன்று நாள் வரவில்லை என்று கொள்வோம். பதிவேட்டில் மூன்று குறிகள் விழுந்திருக்கும். நான்காம் நாள் அவள் வாசலில் வந்து நிற்கும்போது, "எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கேட்கலாம், "வாம்மா, உடம்புக்கு ஒன்னும் இல்லையே?" என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான், அம்மா நடவுக்குப் போனதால் சின்னத் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த செய்தி வெளியே வரும். அது தெரிந்தால் அம்மாவிடம் பேசலாம், தம்பியை அங்கன்வாடியில் விட வழி சொல்லலாம், விடுபட்ட பாடத்தை மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுக்கலாம். இடைநிற்றல் பெரும்பாலும் இப்படி யாரும் காரணம் கேட்காத நாள்களில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் படி காதுகொடுத்துக் கேட்பது. ஜப்பானில் டோமோயி பள்ளியை 1937-இல் தொடங்கிய தலைமை ஆசிரியர் சோசாகு கோபயாஷி, வேறொரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்டு வந்த சிறுமியை முதல் நாளன்றே எதிரில் உட்காரவைத்து, அவள் பேச விரும்பியதையெல்லாம் நான்கு மணி நேரம் கேட்டார். அந்தச் சிறுமி வளர்ந்து 1981-இல் எழுதிய 'டோட்டோ சான்' தமிழிலும் பரவலாக வாசிக்கப்படுகிறது. இங்குள்ள பள்ளிகளில் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் ஒரு பிள்ளைக்கென நான்கு மணி நேரம் கிடைக்காது. ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடமும் கைப்பேசியைப் பார்க்காமல், இடையில் புத்தி சொல்லாமல் கேட்பது பழகினால் வரும்.

மூன்றாவது, திருத்தும் முறை. ஒரு பக்கம் எழுதிய பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் பன்னிரண்டு இடங்களில் சுழித்துக் கொடுத்தால், தனக்கு எழுத வராது என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து படிக்கும். சரியாக வந்த ஒரு வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டு, திருத்த வேண்டியவற்றில் இரண்டை மட்டும் இன்றைக்குக் காட்டினால் நாளைக்கு அது மறுபடியும் எழுத உட்காரும். பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத்தில் பணியாற்றிய பேராசிரியர் ச. மாடசாமி, 'எனக்குரிய இடம் எங்கே?' உள்ளிட்ட நூல்களில் வகுப்பறையில் மாணவருக்கு இடம் கொடுப்பது பற்றித் தமிழ் ஆசிரியர்களிடம் விரிவாகப் பேசியிருக்கிறார்.

நான்காவது, பசி. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையிடம் பாடம் ஏறாது என்பதைத் தமிழ்நாடு நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் அதன் விளைவுகள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. சாப்பாடு போடுவது அரசின் திட்டம். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்காருவது ஆசிரியரின் விருப்பம். யார் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள், யார் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படுகிறார்கள், யாரை ஒருவரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்பதெல்லாம் அந்தப் பந்தியில்தான் கண்ணில் படும்.

ஐந்தாவது, கண்டிப்பு. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை இன்றும் பெற்றோர்களே ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். சட்டம் அதை ஏற்கவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை நோகடிக்கும் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பு முன்னால் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்தத் தடைக்குள் வருகிறது. அடி விழும் என்ற பயத்தில் இருக்கும் பிள்ளை தவறை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஒழுங்கு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். விதிகள் எல்லோருக்கும் ஒன்றாக, முன்கூட்டியே தெரிந்தவையாக இருக்க வேண்டும்; தப்பு செய்த பிள்ளையைத் தனியே அழைத்துப் பேச வேண்டும்; உடைத்ததைச் சரிசெய்யவும், தான் திட்டிய பிள்ளையிடம் போய்ச் சமாதானம் சொல்லவும் அதற்கு வாய்ப்புத் தர வேண்டும்.

ஆறாவது, சமத்துவம். சில பிள்ளைகளிடம் மட்டும் காட்டும் பிரியம் மற்ற பிள்ளைகளுக்குப் புறக்கணிப்பாகப் படும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன்படித்தவர்களால் வீட்டுக்குள் வெட்டப்பட்ட கொடுமை, சாதி வகுப்பறைக்குள் எவ்வளவு ஆழமாக நுழைந்திருக்கிறது என்பதைக் காட்டியது. அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். கழிப்பறை கழுவ, தண்ணீர் தூக்க, வகுப்பைக் கூட்ட எந்தப் பிள்ளைகளை அழைக்கிறோம் என்பதை ஒவ்வொரு பள்ளியும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழாவது, எல்லை. அன்பு காட்டும் பெரியவரை நம்பும் பிள்ளையைப் பாதுகாக்கும் பொறுப்பும் அந்தப் பெரியவருக்கே உண்டு. பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை வாய்திறந்தால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் மானம் போய்விடும் என்று மூடிமறைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இரண்டும் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இவை அனைத்தும் நிலைப்பது தலைமை ஆசிரியரின் கையில் இருக்கிறது. ஆசிரியர் கூட்டத்தில் புள்ளிவிவரப் படிவங்களையே பேசித் தீர்த்தால் ஆசிரியர்கள் படிவங்களைத்தான் கவனிப்பார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் கவனம் பிள்ளைகள்மேல் திரும்பும். தலைமை ஆசிரியரிடம் மரியாதை பெறும் ஆசிரியர், அந்த மரியாதையை வகுப்பறைக்கும் கொண்டுபோவார். மாறுதல் கலந்தாய்வில் ஓர் ஆசிரியர் வேறு ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளைப் பற்றி அவர் அறிந்திருந்ததும் கூடவே போய்விடுகிறது. அதை அடுத்து வருபவரிடம் உட்கார்ந்து பேசி ஒப்படைக்க ஏற்பாடு செய்வது தலைமை ஆசிரியரின் கடமை. ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் அவசியம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துக்காக மட்டும் அவர்களைக் கூப்பிடாமல், பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லவும் கேட்கவும் கூப்பிட்டால் வீடும் பள்ளியும் ஒரே பேச்சுக்கு வரும்.

புதுக்கோட்டை மண்ணுக்கு இதில் முன்மாதிரிகள் உண்டு. பெண்பிள்ளை கல்லூரிக்குள் வரக்கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பிய காலத்தில், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சியில், பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று அறியப்பட்ட முத்துலட்சுமிக்குப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். நிறுவனம் ஒரு மாணவியின் பக்கம் நின்றதால் நடந்தது அது. 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கம், வயல்வேலையும் குவாரி வேலையும் முடித்துவந்த பெண்களுக்கு இரவில் எழுத்தறிவித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். வளர்ந்தவர்களை மிரட்டி உட்காரவைக்க முடியாது. மரியாதை இல்லாத இடத்துக்கு அவர்கள் மறுநாள் வரமாட்டார்கள். ஆகவே தொண்டர்கள் அவர்களுடைய வேலை நேரத்தையும் வீட்டுச் சூழலையும் தெரிந்துகொண்டு பாடம் நடத்த வேண்டியிருந்தது. பெரியவர்களுக்குக் காட்டிய அதே மரியாதை சிறுபிள்ளைகளுக்கும் உரியது.

உறவு உண்டா இல்லையா என்பதை அறியச் சில அடையாளங்கள் போதும். புரியவில்லை என்று பிள்ளை எழுந்து சொல்கிறதா? விடுப்பு எடுத்த பிள்ளை தயங்காமல் திரும்பி வருகிறதா? வீட்டில் ஒரு துன்பம் என்றால், பள்ளியில் சொல்வதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவராவது இருக்கிறாரா? இந்த மூன்று கேள்விக்கும் ஆம் என்று பதில் வரும் பள்ளியே பிள்ளையை அறிந்த பள்ளி. எந்தப் பிள்ளைக்கு அப்படி ஒருவரும் இல்லையோ, அந்தப் பெயரை எடுத்து ஓர் ஆசிரியரிடம் ஒப்படைப்பதுதான் தலைமை ஆசிரியர் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.