எலிக்கு யார் எஜமானன்?

மில் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் விஞ்ஞானம் எதற்கு என்று கேட்கும் பெரிய மனிதர்கள் உண்டு. கேட்டுக்கொண்டே இருக்கட்டும். நாம் இங்கே ஒரு சுண்டெலியின் கதையைச் சொல்லப்போகிறோம். உழைத்தவன் யார், எடுத்துக்கொண்டவன் யார் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்புகளே ஜீன்கள். எலிக்கும் மனிதனுக்கும் அவை ஏறத்தாழ 20,000. பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று இணையானவை. எந்த ஜீனுக்கு என்ன வேலை? பாவில் ஓர் இழை அறுந்தால் துணியில் எங்கே பழுது விழுகிறது என்று பார்த்து நெசவாளி சொல்லிவிடுவான். அதே போல எலியின் ஒரே ஒரு ஜீனை முடக்கி, என்ன கேடு வருகிறதென்று பார்க்க வேண்டும்.

1981-ல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மாத்யூ காஃப்மனும் எலிக் கருவிலிருந்து, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய மூல உயிரணுக்களைப் பிரித்து வளர்த்தார்கள். அமெரிக்காவில் மேரியோ கபெக்கியும் ஆலிவர் ஸ்மித்திஸும் தனித்தனியே வேலை செய்து, குறித்த ஜீனை மட்டும் மாற்றும் உபாயத்தைக் கண்டார்கள். ஜீனுக்கு ஒரு நகல் செய்து, நடுவே பழுது வைத்து, உயிரணுவுக்குள் விடுவார்கள். மிக அரிதாக உயிரணு அசலைத் தள்ளிவிட்டு நகலை ஏற்கும். அந்த அபூர்வமான ஒன்றைத் தேடிப் பொறுக்கி, வேறொரு எலிக் கருவில் சேர்ப்பார்கள். பிறக்கும் குட்டி கலப்பு. அதன் சந்ததியில்தான் முழு மாற்றம் தெரியும். 2007-ல் எவன்ஸ், கபெக்கி, ஸ்மித்திஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கபெக்கி யார்? யுத்த காலத்தில் இத்தாலியத் தெருக்களில் பசியோடு திரிந்த சிறுவன். 1980-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணம் கேட்டபோது, இது நடக்காத காரியம் என்று நிபுணர்கள் தள்ளினார்கள். வேறு வேலைக்குக் கிடைத்த பணத்தை இதில் போட்டுத்தான் அவர் சாதித்தார். அதுவும் மக்களின் வரிப்பணமே!

இனி முதலாளி வரும் கட்டம். 1988-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புற்றுநோய் எலிக்குப் பேடண்ட் வாங்கியது. அந்த எலி வேறு முறையில், கருவுற்ற முட்டைக்குள் ஜீனை ஊசியால் செலுத்திச் செய்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த டூபாண்ட் கம்பெனிக்கு ஏகபோக உரிமை. செய்தது எலி, பேடண்ட் கோரியதோ, மனிதனைத் தவிர அப்படி மாற்றப்பட்ட பாலூட்டி பூராவுக்கும்! ஆட்டையும் மாட்டையும் இவர்கள் எப்போது செய்தார்கள்? ஒரு ஜீனை வேண்டிய உறுப்பில் மட்டும் முடக்கும் வேறொரு முறையும் அதே கம்பெனியின் கையில் இருந்தது. எலியை அடுத்த ஆராய்ச்சிசாலைக்குக் கொடுக்கவும் நிபந்தனை. அதை வைத்துப் பின்னால் காணும் பொருளிலும் பங்கு! குத்தகை நிலத்தில் இப்படி வாரம் கேட்ட மிராசுதாரர்களை நம் பாட்டன்மார் அறிவார்கள்.

முதல் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா என்பார்கள். போட்ட முதலுக்கு வட்டி கேட்பது ஒன்று. பிறக்காத குட்டிகளுக்கெல்லாம் சொந்தம் கொண்டாடுவது வேறு. விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் எதிர்ப்பின் பிறகு 1998-லும் 2000-லும் அதே சுகாதார நிறுவனம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, லாப நோக்கமற்ற ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. 2002-ல் கனடா உச்ச நீதிமன்றம், நான்குக்கு ஐந்து என்ற ஒரே வோட்டில், எலிக்குப் பேடண்ட் கிடையாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டுப் பேடண்ட் சட்டமும் நுண்ணுயிர் நீங்கலாக விலங்குக்கும் செடிக்கும் பேடண்ட் தருவதில்லை. அந்த விதியை அசைக்கப் பார்ப்பவர்கள் டில்லிக் கதவைத் தட்டும்போது, விவசாயத் தொழிலாளர் சங்கமும் அங்கே இருக்க வேண்டும்.