தம்பி காரும் ஏறாத கண்ணாடியும்

மிக்ஸி ஓடாவிட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்த முறை கார் கண்ணாடி. "உனக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் வீட்டுக்காரரே சிரித்தார். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது.

2023 ஜூனில், தம்பி மனைவியின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்காவில் நியூ ஜெர்சி பக்கம் எடிசன் என்ற ஊருக்குப் போயிருந்தேன். தம்பி கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் நிற்கிறது. 1991-ல் ஜப்பானில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். துணிக் கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். அந்த மாநிலத்தில் 25 வயது தாண்டிய காருக்குச் 'சரித்திர வண்டி' என்று தனி நம்பர் பிளேட்டே கொடுக்கிறார்கள். நம் வீட்டில் 25 வருஷம் உழைத்த கிரைண்டருக்கு யார் என்ன கொடுத்தார்கள்!

ஒரு சாயங்காலம் இடி, மழை. காரின் ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. நானும் தம்பியும் குப்பைக்குப் போடும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து ஒட்டி, தொப்பலாக நனைந்து உள்ளே வந்தோம். இன்னொரு பக்கத்துக் கண்ணாடியோ அசையாமலே கிடந்ததாம், பல மாதமாக. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். நிறைமாசக்காரி தம்பி மனைவி, "வித்துத் தொலைக்கச் சொல்லுங்க அண்ணி. குழந்தை குட்டின்னு ஆனப்புறம் எதுக்கு இந்தக் கார்?" என்றாள். தம்பி முகம் வாடிப்போய்விட்டது.

"டேய், காசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நாமளே பார்க்கலாம்டா" என்றேன்.

மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி புதிதல்ல. 1940-லேயே பேக்கார்டு என்ற அமெரிக்கக் காரில் வந்துவிட்டது. அதில் எண்ணெயின் அழுத்தம் கண்ணாடியைத் தூக்கும். தம்பி காரில் கதவுக்குள்ளே சின்ன மோட்டார். அது ஒரு உருளையைச் சுற்ற, உருளையில் சுற்றிய எஃகுக் கம்பிக் கயிறு கண்ணாடியை இழுக்கிறது. கிணற்று ராட்டினம்தான், வேறொன்றுமில்லை. ராட்டினம் கிறீச்சிட்டால் இறைக்கிறவள் கையையா மாற்றுகிறோம்?

முதலில் சாவியைத் திருப்பி, காரின் சின்ன விளக்குகளைப் போடச் சொன்னேன். ஓட்டுகிறவர் பக்கத்து ஸ்விட்சை அமுக்கியதும் டாஷ்போர்டு விளக்கு சற்று மங்கிற்று. நம் வீட்டில் கிரைண்டர் போட்டால் பல்பு மங்குவதில்லையா, அதே கதை. கரண்ட் போகிறது, மோட்டார் முக்குகிறது என்று அர்த்தம். அடுத்த பக்கத்து ஸ்விட்சை அமுக்கினால் விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை. அங்கே மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. அந்தக் காரில் இரண்டு ஜன்னலுக்கும் ஒரே ஃப்யூஸ். ஒன்று வேலை செய்வதால் ஃப்யூஸ் நன்றாயிருக்கிறது. மிச்சம் ஸ்விட்சும் வயரும்தான். ஆக, ஒரே வியாதி என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னது இரண்டு வெவ்வேறு வியாதி!

அசையாத பக்கத்து மோட்டாரின் வயரைக் கழற்றி, தம்பி பாட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தான். கண்ணாடி 'விர்'ரென்று ஏறிற்று. இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பிடித்தான், இறங்கிற்று. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த ஸ்விட்சைக் கழற்றினால், உள்ளே செம்புத் தகடுகள் தீய்ந்த தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தன. நைசான உப்புத் தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்விட்ச் துடைக்கும் ஸ்ப்ரே அடித்ததும் உயிர் வந்துவிட்டது. (இது சரியாக இல்லாவிட்டால் கதவுக் கீல் பக்கம் வயரைப் பார்க்க வேண்டும். கதவு திறந்து மூடி மடங்கி மடங்கி அங்கேதான் அறுந்துபோகும்.)

முக்கி முக்கி ஏறும் பக்கம்தான் வேலை வாங்கிவிட்டது. ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்து மேலே தள்ளினால் ஏறுகிறது. அப்படியானால் பலம் குறையவில்லை, வழி இறுகியிருக்கிறது. கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். கைவிடுவதற்கு முன் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, கண்ணாடி சரிந்து விழாமல் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். கம்பிக் கயிறு பிரிந்திருந்தால் ஊசி மாதிரிக் குத்தும் என்பதால் தடித்த கையுறை. உள்ளே பழைய கிரீஸ் கெட்டிப் புளி மாதிரி காய்ந்திருந்தது. கண்ணாடி வழுக்கும் ரப்பர் பட்டையோ உப்பிப்போய் மண்ணைப் பூசிக்கொண்டிருந்தது.

"இதில என்னடா ஊத்தினே?"

"டைட்டா இருக்கேன்னு இன்ஜின் ஆயில் விட்டேன் அக்கா."

நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த எண்ணெய் ரப்பரை ஊதவைத்துவிடும், தூசியையும் சேர்த்துக்கொள்ளும். ரப்பருக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே, இரும்புத் தடத்துக்குப் புது கிரீஸ். துடைத்து முடிக்க அரை நாள் ஆயிற்று. கண்ணாடியை நேராகப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று உடைந்திருந்தது, சில டாலரில் புதிது கிடைத்தது. உப்பிய பட்டையையும் மாற்றினோம். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மட்டும் பழையது என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

சனிக்கிழமை இரண்டு கண்ணாடியும் பட்டு மாதிரி ஏறி இறங்கின. எனக்கு ஒரே பெருமை. தம்பி மகனுக்கு அப்போது நாலு வயது. அப்பா பாட்டுப் போடுகிறார் என்று ஓடிவந்து காருக்குள் ஏறினான். சாவி 'ஆன்'-இல் இருந்தது. பையன் நடுவில் முட்டி போட்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அத்தை!" என்று என்னைக் கூப்பிட்டான். அவன் முட்டி சரியாக அந்த ஸ்விட்ச் மேலே.

கண்ணாடி ஏறிற்று. குழந்தை வீலென்று கத்தினான். தம்பி பதறிப்போய்ச் சாவியைத் திருப்பிப் பிடுங்கிவிட்டான். கண்ணாடி நின்றது, ஆனால் கை உள்ளே மாட்டினபடி நின்றது. சாவி இல்லாமல் அது இறங்காதே! "சாவியைப் போடுடா, இறக்குடா!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். மறுபடி சாவி போட்டு இறக்கினோம். முழங்கைக்குக் கீழே சிவப்புக் கோடு. விரலையெல்லாம் மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தேன், நிறமும் மாறவில்லை. துணியில் சுற்றிய ஐஸ் வைத்தோம். கழுத்து மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. போன வாரத்து முக்கல் கண்ணாடியாக இருந்தால் பாதியிலேயே நின்றிருக்கும். அதற்குப் பலம் கொடுத்தவள் நான்தான்.

தடை பட்டால் தானே இறங்கும் வசதி அந்தக் காலத்துக் காரில் கிடையாது. ஸ்விட்சும் அமுக்கினால் ஏறும் ரகம். குழந்தையின் முட்டியோ காலோ பட்டால் போதும். இப்படி ஆபத்துகள் நடந்ததால்தான் அமெரிக்காவில் 2005-ல் ஒரு சட்டம் போட்டு, கண்ணாடி ஏற வேண்டுமானால் ஸ்விட்சை மேல்நோக்கி இழுக்கும்படி அமைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன!

உங்கள் வீட்டுக் கார் ஸ்விட்ச் இழுக்கும் ரகமா, அமுக்கும் ரகமா என்று இன்றே பாருங்கள். மற்ற ஜன்னல்களைப் பூட்டும் பொத்தான் டிரைவர் கதவில் இருந்தால், குழந்தை ஏறியதும் அதை அமுக்கிவிடுங்கள். சாவியை விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட இறங்கவேண்டாம். மாட்டிக்கொண்டால் முதலில் கண்ணாடியை இறக்குங்கள், சாவியைப் பிடுங்காதீர்கள். கழுத்தோ மார்போ நசுங்கியிருந்தால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

தம்பி காரை விற்கவில்லை. ஜன்னலின் ஃப்யூஸ் மட்டும் இப்போது அவன் மனைவியின் கடுகு டப்பாவில் இருக்கிறது. வண்டியை எடுக்கும்போது அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான், வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.