உங்க நட்சத்திரத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?

என் பாட்டிக்கு நட்சத்திரம் சுவாதி. எழுபது வருஷத்துக்கு மேல கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லிட்டு வர்றாங்க. ஆனா வானத்துல அது எங்க இருக்குன்னு கேட்டா தெரியாது. பாட்டியை மட்டும் சொல்லி என்ன பண்ண? நமக்கும்தான் தெரியாது.

ஜோசியம் உண்மையா பொய்யாங்கிற சண்டைக்கு நான் வரலை. ஆனா ஜாதகக் கட்டத்தை எழுதி வைக்கிற வீட்டுல, அந்த நட்சத்திரத்தை ஒரு தடவையாவது பிள்ளைக்குக் காட்டணும்ங்கிறது என் கட்சி.

சுவாதியை ஆங்கிலத்துல ஆர்க்டுரஸ்னு சொல்றாங்க. கண்டுபிடிக்க டெலஸ்கோப் எல்லாம் வேண்டாம். சப்தரிஷி மண்டலத்தோட வாலை அதே வளைவில் நீட்டினா நேரா அங்கதான் போய் நிக்கும். மே மாசம் ராத்திரி பத்து மணி வாக்குல கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேல, ஆரஞ்சு நிறத்துல இருக்கும். சூரியனைப் போல சுமார் 25 மடங்கு அகலம். (பஞ்சாங்கத்துல 'இன்று சுவாதி'ன்னு போட்ட நாள்ல நிலா பக்கத்துல தேடாதீங்க. நிலா குறைந்தது 25 டிகிரி தெற்கே தள்ளித்தான் போகும்.)

இதுக்கு ஒரு சுவாரசியமான கதை இருக்கு. 1933 மே 27 அன்னிக்கு சிகாகோவில் உலகக் கண்காட்சி. விளக்கு போட சுவிட்சுக்குப் பதிலா இந்த நட்சத்திரத்தோட வெளிச்சம்! டெலஸ்கோப் வழியா ஒளி மின்கலத்துல விழ வச்சு, வந்த சின்ன மின்சாரத்தைப் பெருக்கி, கம்பி வழியா அனுப்பினாங்க. ஏன் இது? 40 ஒளியாண்டு தூரம்னு அப்போ கணக்கு. அங்க முந்தைய கண்காட்சி நடந்தது 1893. அப்போ கிளம்பின ஒளி இப்போ வந்து சேருதாம். காமர்ஸ் மாணவனா சொல்றேன், இதைவிட நல்ல விளம்பரம் நான் படிச்சதில்லை :-)

இப்போதைய கணக்குப்படி தூரம் சுமார் 37 ஒளியாண்டுதான். அந்த மூணு வருஷத் தப்பைச் சொல்லிச் சிரிக்கிறவங்க உண்டு. எனக்கு அது பெரிசா படலை. நட்சத்திரத்தை வச்சு ஏத்தின அந்த மாதிரி விளக்குகள்தான் இன்னிக்கு நட்சத்திரங்களை மறைக்குது, அதுதான் உறுத்துது. சுவாதி பிரகாசமானது, தப்பிச்சிடும். மங்கலான பூசத்தை ஊர் நடுவுல நின்னு காட்டுங்க பார்ப்போம்!

போன மே மாசம் பாட்டியை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். டியூப்லைட்டை அணைச்சேன். தெருவிளக்கை என்ன பண்றது? கையை மறைப்பா வச்சுக்கச் சொல்லிக் காட்டினேன். இந்த வெளிச்சம் கிளம்பினப்போ அம்மாவுக்குக் கல்யாணமே ஆகலைன்னும் சொன்னேன்.

"இதுவா? இதை நான் சின்ன வயசுல இருந்து பார்க்கிறேனேடா"ன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் கீழ வரலை.