சீனன்குடாவும் பஞ்சுப் புகையும்

போர்க்கால விமானங்களின் சிறு மாதிரிகளைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போர்க்கால விமான நிலையத்தைச் செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவர்களும் அநேகமாக ஒரே விதமாகத்தான் செய்கிறார்கள். ஒரு பலகை, அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பாதை, பாதையில் மூன்று விமானங்கள், ஒன்றின் முதுகில் சிவப்பும் கறுப்பும் தோய்த்த பஞ்சு. மேலே தங்கூசியில் எதிரி விமானம் ஒன்று தொங்கும். பாடசாலைக் கண்காட்சி ஒன்றில் எரிகிற விமானம் எத்தனையோ அத்தனை கைதட்டல் கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். முதற் பரிசும் அதிகம் எரிந்த பலகைக்குத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் படவரைஞனாக வேலை பார்த்தவன். அளவுத்திட்டம் என்பது என் சோற்றில் கலந்த உப்பு. ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேரன் சித்திரை விடுமுறைக்கு வந்தபோது 1/72 அளவில் ஒரு ஹரிக்கேன் விமானப் பெட்டியைக் கொண்டுவந்து, "அம்மப்பா, 1942 சீனன்குடா செய்வம்" என்றான். நானும் சரி என்றேன். ஆனால் முதலில் கடதாசியும் பென்சிலும் எடு என்றேன்.

ஆயிரம் மீற்றர் நீளமான ஓடுபாதை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/72 அளவில் அது ஏறத்தாழ 14 மீற்றர். எங்கள் வீட்டு விறாந்தை, முற்றம், படலை எல்லாம் தாண்டி ஒழுங்கைக்குள் போய்விடும். சரி, அளவைக் குறைப்போம், 1/1000 ஆக்குவோம் என்றால் ஓடுபாதை ஒரு மீற்றருக்குள் அடங்கும். ஆனால் ஹரிக்கேன் 12 மில்லிமீற்றர் ஆகிவிடும், நுளம்பு மாதிரி. மாறாக, 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் பலகையில் 1/72 அளவில் செய்தால் அதில் அடங்கும் நிலம் 43 மீற்றருக்கு 32 மீற்றர். அதாவது ஒரு வீட்டு வளவு. அதற்குள் ஒரு விமானம் தாராளமாக நிற்கும், ஹரிக்கேனின் சிறகு அங்கே 17 சென்ரிமீற்றர்தான். அதற்கு மேல் ஓடுபாதை, கோபுரம், கூடாரம், மூன்று விமானம் எல்லாம் திணித்தால் அது அளவுத்திட்டம் இல்லை, சந்தைக்கடை.

ஆகவே விமான நிலையத்தின் மாதிரி என்று எவரும் முழு நிலையத்தைச் செய்வதில்லை. அதன் ஒரு மூலையைத்தான் செய்கிறார்கள். எந்த மூலை, எந்த நேரம் என்று தெரிவுசெய்வதில்தான் செய்கிறவன் என்ன நினைக்கிறான் என்பது தெரியும். அதனால் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. பேர்ள் துறைமுகத்தை அடித்து நாலு மாதம் ஆன நகுமோவின் கப்பற்படை, அகாகி முதலிய ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்து கொழும்பை அடித்தது. முதல் நாளே கொக்கலவிலிருந்து பறந்த கற்றலீனா கடல்விமானம் ஒன்று அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. அப்படியிருந்தும் ஞாயிறு காலை இரத்மலானையில் தலைக்குமேல் விமானம் வந்தபிறகுதான் ஹரிக்கேன்கள் எழும்பின. எரிகிற ஓடுபாதையைத்தான் காட்டவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இரத்மலானையைச் செய்யட்டும்.

நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி வியாழக்கிழமை காலை, திருகோணமலையின் முறை. இங்கே கதை வேறு. ராடார் முன்கூட்டியே சொல்லிவிட்டது. சீனன்குடாவில் இருந்தது 261ஆம் அணி. முன்பு மால்ராவில் சண்டை பிடித்த பெயர். அதன் சுமார் 16 ஹரிக்கேன்களும், ஆறு ஃபுல்மார் விமானங்களும் குண்டு விழமுன்னரே மேலே ஏறிவிட்டன. நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்களுக்கு எதிரே இவ்வளவுதான். எட்டு ஹரிக்கேன்களும் மூன்று ஃபுல்மார்களும் இழக்கப்பட்டன. துறைமுகத்தில் குண்டு, விமான நிலையத்தில் குண்டு, எண்ணெய்க் குதம் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவு. சீனன்குடா மண்ணில் குண்டு விழுந்த நேரம், போர் விமானங்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. அவை நின்ற இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, துப்பாக்கிக்குத் தோட்டாப் பட்டி ஏற்றி அனுப்பிய தரைப் பணியாளர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு ஏறிப் போக விமானம் கிடையாது. அகழிக்குள் குந்தியிருந்தார்கள்.

என் கருத்து இதுதான்: சீனன்குடாவைச் செய்கிறவன் செய்யவேண்டியது அந்த வெறும் தரிப்பிடத்தையும் அந்த அகழியையும். விமானத்தை அல்ல. அக்கால நிலையங்களில் விமானம் நிற்க மூன்று பக்கமும் மண் குவித்து 'ப' வடிவில் ஓர் அணை கட்டுவார்கள். பக்கத்தில் விழும் குண்டின் சிதறல் விமானத்தில் படாமல் காக்க. அந்த 'ப'வுக்குள் விமானம் இல்லாமல் செய்துகாட்டுங்கள் என்கிறேன்.

பேரனுக்கு இது பிடிக்கவில்லை. "அம்மப்பா, புகை எங்கே? விமானம் இல்லாத விமான நிலையத்தை யார் பார்ப்பினம்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான், பன்னிரண்டு வயதுக்கு. பஞ்சு ஏன் வேண்டாம் என்பதற்கு முதலில் தொழில்முறைக் காரணத்தையே சொன்னேன். மரம், மண், இரும்பு, மனிதன் எல்லாவற்றையும் சின்னதாக்கலாம். அசைவைச் சின்னதாக்க முடியாது. புகை என்றால் உருளவேண்டும், நெருப்பு என்றால் துடிக்கவேண்டும். அசையாத புகை எத்தனை திறமாகச் செய்தாலும் பஞ்சாகவே இருக்கும். அசையாமல் இருந்த ஒரு நிமிடத்தைத் தெரிவுசெய்தால் அந்தப் பொய் வராது.

மற்றக் காரணத்தை அவனுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். இதை வாசிக்கும் உங்களில் அநேகர் உங்கள் வளவுக்குள் பங்கர் வெட்டியவர்கள். 'ட' வடிவில் வெட்டவேண்டும், நேராக வெட்டினால் வெடியின் வேகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும் என்பது நமக்கு எவரும் புத்தகத்தில் சொல்லித் தந்ததல்ல. மேலே போடப் பனங்குற்றி, அதன்மேல் உரப்பையில் நிரப்பிய மண். மண் நிரப்பிய பையைத் தூக்கினவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். மழை பெய்தால் உள்ளே தண்ணீர், தண்ணீர் வற்றினால் பாம்பு. சத்தம் கேட்டால் பாம்பைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. இப்படி இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், குண்டு விழுவதைச் சிவப்பு மையும் பஞ்சுமாக மேசையில் வைத்துக் கைதட்டு வாங்குவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பிள்ளைகளில் குறையில்லை. குண்டு விழும்போது கீழே யார் இருந்தார் என்று நாம் சொல்லாமல் விட்டால், அவர்கள் மேலிருந்து பார்த்துத்தான் செய்வார்கள்.

என் அம்மாவுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. குண்டு போட்ட அன்றே மாட்டுவண்டியில் தம்பலகாமப் பக்கம் போனதாகச் சொல்வா. விமானம் எத்தனை வந்தது என்று அவவுக்கு ஒருநாளும் தெரியாது. வண்டியில் ஏற்ற மறந்த அரிசிப் பானையைப் பற்றிச் சாகும்வரை சொன்னா.

சரி, வேலைக்கு வருவோம். அகழி வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் பலகையே மாறிவிடுகிறது. வழக்கமாக எல்லோரும் நாலு மில்லிமீற்றர் பிளைவூட்டில் தொடங்கி அதன்மேல் எல்லாவற்றையும் ஒட்டுவார்கள். அதில் குழி வெட்ட முடியாது. நாலு அடி ஆழ அகழி 1/72 அளவில் 17 மில்லிமீற்றர். ஆகவே பிளைவூட்டின்மேல் ஓர் அங்குல ரிஜிபோம் ஒட்டி, அதில் கத்தியால் அகழியை வெட்டினோம். ரிஜிபோமுக்குப் பைன்டர் கம் மட்டும்தான். தின்னர் கலந்த பசையோ ஸ்பிறே பெயின்ரோ பட்டால் கரைந்து பள்ளமாகிவிடும். மண்ணுக்கு எங்கள் முற்றத்து மண்ணையே எடுத்தோம். ஆனால் ஒரு மில்லிமீற்றர் பருமனான மணல், அந்த அளவில் 7 சென்ரிமீற்றர்க் கல். எனவே பழைய வேட்டித் துணியில் அரித்து, விழுந்த தூளை மட்டும் பாவித்தோம். காய்ந்த சருகுக்குக் குடித்த தேயிலையின் சக்கை. அதைவிடப் பொருத்தமானதை இந்த ஊரில் எங்கே தேடுவது!

மரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஹரிக்கேனின் உயரம் அந்த அளவில் ஐந்தரை சென்ரிமீற்றர்தான். அறுபத்தைந்து அடிப் பனை ஒன்று 27 சென்ரிமீற்றருக்கு மேல். விமானத்தைவிட ஐந்து மடங்கு. பெரும்பாலான மாதிரிகளில் மரம் விமானத்தின் தோள்வரை நிற்கும். அதைப் பார்த்தால் விமானம் பெரிய பூதம் என்று தோன்றும். உண்மையில் அது தகரமும் துணியும் போர்த்திய சின்ன வண்டி. ஹரிக்கேனின் பின்னுடல் துணிதான்.

மனித உருவங்களை விலைக்கு வாங்கலாம். ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்துக் குளிருக்கு உடுத்தவை. தோல் அங்கி, கம்பளிக் கழுத்து. சித்திரை வெயிலில் சீனன்குடாவில் நிற்கிறவனுக்குக் காக்கிக் காற்சட்டையும் வெறும் மேலும்தான் பொருந்தும். ஆகவே கையை வெட்டி, அங்கியைச் சுரண்டி, நிறம் மாற்றினோம். சாரம் கட்டி, தலையில் சும்மாடு வைத்து மண் சுமக்கும் கூலியாளின் உருவம் எந்தப் பெட்டியிலும் இல்லை. அந்த மண்ணணையும் அகழியும் தாமாக முளைத்தனவா? மெல்லிய செப்புக் கம்பியில் எலும்பு செய்து, சோளமாவும் பைன்டர் கம்மும் பிசைந்த களியால் உடம்பு போட்டோம். ஓர் ஆள் இரண்டரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை. ஒருவனைச் செய்ய எனக்கு இரண்டு மாலை போனது, கண்ணாடி போட்டும். மண்மூட்டை ஒன்று எட்டு மில்லிமீற்றர். இருநூறுக்கு மேல் உருட்டியவன் பேரன். நாற்பதாவதோடு, "இதை உண்மையில் தூக்கினவை பாவம் அம்மப்பா" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெறும் தரிப்பிடம் வெறும் மண்ணாகத் தெரியக்கூடாது. சற்று முன் இங்கே விமானம் நின்றது என்று தெரியவேண்டும். அதுதான் இந்த வேலையின் ருசியான பகுதி. சக்கரத்துக்கு முன் வைக்கும் தடைக்கட்டைகள் இரண்டும், கயிற்றால் இழுத்தெறிந்தபடி ஆளுக்கொரு பக்கம் கிடக்கின்றன. இயந்திரத்தைத் தொடக்க மின்கலம் கொண்டுவரும் சிறு தள்ளுவண்டி, அதன் வயர் சுருட்டப்படாமல். இயந்திரம் நின்ற இடத்தின்கீழ் எண்ணெய்க் கறை. சக்கரத் தடம் முன்னே இரண்டு, சுமார் மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில். நடுவே வாற்சக்கரத்தின் ஒற்றைக் கோடு. பாதி குடித்த தேநீர்க் குவளை ஒன்று, குண்டூசித் தலையில் செய்தது. அகழியில் மூன்று பேர். இருவர் குனிந்திருக்க, ஒருவன் மட்டும் தலையை வெளியே நீட்டி மேலே பார்க்கிறான், எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ண.

ஹேர்மிஸ் கப்பலைப் பற்றியும் ஒரு சொல். முன்னெச்சரிக்கை வந்ததும் அந்த விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தைவிட்டுத் தெற்கே போனது. மட்டக்களப்புக்கு நேரே கண்டுபிடிக்கப்பட்டு, 300க்கு மேற்பட்டோருடன் தாழ்ந்தது. தாழும்போது அதில் ஒரு விமானமும் இல்லை. அவற்றைக் கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள். விமானம் இல்லாத விமானக் கப்பலைப் பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். விமானம் இல்லாத தரிப்பிடத்தை மட்டும் ஏன் யாரும் பார்க்கமாட்டார்கள்?

ஹரிக்கேனையும் குறையில்லாமல் ஒட்டி முடித்தோம். வெப்ப நாடுகளுக்கு அனுப்பியவற்றில் இருந்த, மூக்கின்கீழ்ப் புழுதி வடிகட்டி உட்பட. அதைப் பேரன் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தன் மேசையில் வைத்திருக்கிறான். பலகை என்னிடம். வந்து பார்க்கிறவர்கள் "விமானம் எங்கே ஐயா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிறகு குனிந்து அகழிக்குள் பார்க்கிறார்கள். எங்கள் வயதுக்காரர் சிலர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு வேலை மிச்சம். பனைக்கு ஓலை வைக்கவேண்டும், அகழிக்குள் நாலாவது ஆளை இறக்கவேண்டும். ஐப்பசி மழை தொடங்கமுன் முடித்தாக வேண்டும். ஈரக் காற்றில் பைன்டர் கம் லேசில் காயாது.