பூனைக்கு ஏற்ற எடை எது?

குடற்புழு மருந்துக்காகக் கால்நடை மருத்துவர் எங்கள் பூனையின் எடையைக் கேட்டார். "ரெண்டரை வீசை இருக்கும்" என்றார் பாட்டி. 1958இல் மெட்ரிக் எடைகள் வந்தும் அவர் வீசையைக் கைவிடவில்லை. வீசை என்பது ஏறத்தாழ 1,400 கிராம். அப்படியானால் மூன்றரைக் கிலோ! போடியில் ஏலக்காய்க் கடைத் தராசில் பையிலிட்டு நிறுத்தேன். பையின் எடை போக 3,200 கிராம்.

"மூணு கிலோன்னு சொன்னாப் போதாதா?" என்றார் அண்ணன். போதாது என்பதே என் கட்சி. கம்பத்துத் திராட்சைக் கூடையில் 300 கிராம் கூடக்குறைய இருந்தால் குடி முழுகிவிடாது. பூனைக்கோ அது உடம்பில் பத்திலொரு பங்கு! ஆகவே பூனையைக் கிராமில்தான் குறிக்க வேண்டும்.

மறுமாதம் நிறுத்தபோது 2,900 கிராம். அண்ணன் கணக்கில் அதுவும் மூன்று கிலோதான். அன்று மாலையே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.